கையொப்பமும் கைவிடலும்

அண்மைக்காலமாகக் கணினி ஆய்வுகூடங்களிலும் விரிவுரை மண்டபங்களிலும் ஒரு கூற்று வேதவாக்காக வழங்கி வருகின்றது. 'கையொப்பமிடப்படாத மென்பொருளை நிறுவாதே. ஆதரவு முடிந்த பணிசெயல் முறைமையிலே வேலை செய்யாதே' என்பதே அக்கூற்று. இதனைச் சொல்வோர் பெரும்பாலும் நல்லெண்ணத்துடனேயே சொல்கின்றனர் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் இதன் இரு பாகங்களும் தனித்தனியே பாதி உண்மைகளே. அவற்றை இணைத்துச் சட்டமாக்கும்போது, பணமும் புதிய இயந்திரமும் உள்ளவனே கணினியுலகின் குடிமகன். ஏனையோர் சந்தேகத்துக்குரியோர் என்னும் முடிவுக்கு நாம் வந்து சேர்கின்றோம். அம்முடிவை ஏற்க நான் ஆயத்தமாக இல்லை.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி சிறியது. சில ஆண்டுகளுக்கு முன்னர் நானும் மாணவர் இருவரும் சேர்ந்து, பாமினி எழுத்துருவிலே தட்டச்சிடப்பட்ட பழைய ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றும் செய்நிரலொன்றை ஆக்கினோம். சிறுவயதில் எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியை ஒருவரிடம் இருபதாண்டு கால வினாத்தாள்களும் கட்டுரைகளும் பாமினியிலே கிடந்தன. அவருக்கென்றே அதனை அனுப்பிவைத்தோம். அவர் அதைத் திறக்க முற்பட்டபோது எச்சரிக்கைச் சாளரம் தோன்றி, கணினி பாதுகாக்கப்பட்டதாகவும் வெளியீட்டாளர் அறியப்படாதவர் என்றும் அறிவித்தது. மறுநாள் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நீர் அனுப்பினதைக் கம்பியூட்டர் ஆபத்தெண்டு சொல்லுது. அழிச்சுப்போட்டன், குறை நினையாதையும்" என்றார். அறியப்படாத வெளியீட்டாளர்! எனக்கு எழுத்தறிவித்தவருக்கு என்னை யாரென்று தெரியாது என, இருவரையும் அறியாத ஓர் இயந்திரம் தீர்ப்பு வழங்கியது. அவரும் அத்தீர்ப்பை நம்பினார்.

கையொப்பம் என்பது உண்மையில் யாது? 1976 இல் டிஃபி, ஹெல்மன் ஆகிய இருவரும் வெளியிட்ட பொதுச்சாவிக் கோட்பாடும், 1977 இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவரும் கண்ட வழிமுறையுமே இதற்கு அடித்தளமாகும். ஒரு கோப்பு முழுவதையும் கணிப்பொன்றுக்கு உட்படுத்தி அதன் சாரமாக ஒரு நீண்ட எண்ணைப் பெறுகின்றனர். கோப்பிலே ஓர் எழுத்து மாறினும் அவ்வெண் முற்றாக மாறிவிடும். ஆக்கியோன் அச்சாரத்தின்மீது தன் அந்தரங்கச் சாவியாலே கையொப்பமிடுகின்றான். அவனுடைய பொதுச்சாவியை உடையோர் எவரும் அதனைச் சோதித்துப் பார்க்கலாம். கோப்பு இடைவழியிலே மாற்றப்படவில்லை, இன்ன சாவியை உடையவனே இதனை ஒப்பமிட்டான் என்னும் இரண்டு செய்திகளை மட்டுமே கணிதம் நமக்குத் தருகின்றது. அச்சாவியை உடையவன் இன்னான் என்ற மூன்றாவது செய்தி கணிதத்திலிருந்து பிறப்பதன்று. பணம் பெற்றுக்கொண்டு சான்றிதழ் வழங்கும் நிறுவனமொன்று சொல்ல நாம் நம்புவது. அவன் நல்லவன், அவனுடைய செய்நிரல் தீங்கற்றது என்ற நான்காவது செய்தியை எவரும் சொல்வதில்லை. ஆனால் பயனாளன் எச்சரிக்கைச் சாளரத்திலிருந்து விளங்கிக்கொள்வது இந்த நான்காவதைத்தான். மைக்ரோசொப்ட் நிறுவனம் 1996 இல் ஓதென்ரிகோட் என்ற பெயரில் இம்முறையை அறிமுகஞ் செய்த காலந்தொட்டு இந்த மயக்கம் நீங்கவில்லை. நீக்க எவரும் சிரத்தை கொண்டதாகவும் தெரியவில்லை.

வரலாற்றைப் பார்ப்போம். 2010 இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல், தாய்வானின் ஒரே விஞ்ஞானப் பூங்காவிலே இயங்கிய ரியல்டெக், ஜேமைக்ரோன் ஆகிய இரு நிறுவனங்களின் உண்மையான சான்றிதழ்களால் ஒப்பமிடப்பட்டிருந்தது. 2012 இல் வெளிப்பட்ட ஃபிளேம், எம்டி5 கணிப்பின் பலவீனத்தைப் பயன்படுத்தி மைக்ரோசொப்ட்டின் பெயரிலேயே போலிச் சான்றிதழை ஆக்கிக்கொண்டது. 2017 இல் சிசிகிளீனர் என்னும் துப்புரவுச் செய்நிரலின் 5.33 ஆம் பதிப்பு, உரிய நிறுவனத்தின் செல்லுபடியான கையொப்பத்துடனேயே நஞ்சைச் சுமந்து ஏறத்தாழ 22 இலட்சம் கணினிகளுக்குச் சென்றது. 2020 டிசெம்பரில் அம்பலமான சோலர்விண்ட்ஸ் விவகாரத்திலே, ஒப்பமிடப்பட்ட இற்றைப்படுத்தல் 18,000 வரையான வாடிக்கையாளரைச் சென்றடைந்தது; அவர்களுள் அமெரிக்க அரசாங்கத் திணைக்களங்களும் அடங்கும். அங்கெல்லாம் எச்சரிக்கைச் சாளரம் தோன்றவில்லை. என் ஆசிரியைக்குத் தோன்றியது.

நிற்க. இதுவரை வாசித்த சிலர், இக்கட்டுரையாளன் கையொப்பத்தையே எதிர்க்கின்றான் என எண்ணியிருக்கலாம். கட்டற்ற மென்பொருள் ஆர்வலருள் ஒரு சாரார் உண்மையிலேயே அவ்வாறு எதிர்க்கின்றனர். சான்றிதழ் என்பது வெறும் கொள்ளை, அதனை வீசியெறிக என்கின்றனர். அவர்களோடும் எனக்கு வழக்குண்டு. அவ்வழக்கைத் தீர்த்துவைப்பதற்கு நோட்பாட் பிளஸ் பிளஸ் என்னும் செய்நிரலின் கதையைக் காட்டிலும் ஏற்ற சான்று வேறில்லை.

டொன் ஹோ என்பவர் 2003 இல் வெளியிட்டு இன்றுவரை இலவசமாக வழங்கிவரும் உரைத் தொகுப்பி இது. விண்டோஸிலே நிரல் எழுதும் மாணவருள் இதனைக் கையாளாதவர் அரியர். டிஜிசேர்ட் நிறுவனம் நன்கொடையாக அளித்த சான்றிதழொன்றினால் இதன் நிறுவிகள் மூன்றாண்டுகள் ஒப்பமிடப்பட்டு வந்தன. அச்சான்றிதழ் 2019 தொடக்கத்தில் காலாவதியாயிற்று. விலைகொடுத்து வேறொன்றைப் பெற அவர் முனைந்தபோது, செய்நிரலின் பெயரிலே சான்றிதழ் பெறல் இயலாதெனக் கண்டார். காரணம், நோட்பாட் பிளஸ் பிளஸ் ஒரு கம்பனி அன்று. சட்டத்தின் கண்ணிலே அப்படியொன்று இல்லை. உலகமெங்கும் இலட்சக்கணக்கானோர் நாள்தோறும் பயன்படுத்தும் ஒரு பொருள், பதிவுப் பத்திரம் இல்லாமையால் 'இல்லாதது' ஆயிற்று. சினமுற்ற அவர், அவ்வாண்டு மார்ச்சில் 7.6.4 ஆம் பதிப்பைக் கையொப்பமின்றியே வெளியிட்டு, ஷா-256 சார எண்களை மட்டும் உடன் கொடுத்தார். பலர் அதனை வீரச்செயலாகப் போற்றினர். நானும் போற்றியவர்களுள் ஒருவன். பின்னர் மீண்டும் சான்றிதழ் கிடைத்தது. 2025 இல் அதுவும் காலாவதியாக, ஜூலையில் வந்த 8.8.3 ஆம் பதிப்பிலே தாமே ஆக்கிக்கொண்ட சான்றிதழால் ஒப்பமிட்டார். 8.8.7 ஆம் பதிப்பிலிருந்து குளோபல்சைன் நிறுவனத்தின் சான்றிதழ் வந்து சேர்ந்தது.

இதற்கிடையில் நடந்ததுதான் முக்கியமானது. 2025 ஜூன் தொடக்கம் இச்செய்நிரலின் இணையத்தளத்தைத் தாங்கியிருந்த வழங்கியை ஊடுருவியோர், தெரிந்தெடுத்த சிலரின் இற்றைப்படுத்தல் வேண்டுகோள்களை மட்டும் திசைதிருப்பி, உண்மையான நிறுவிக்குப் பதிலாகத் தம்முடைய நஞ்சை அனுப்பி வந்தனர். நிரலிலே குற்றமில்லை, வழியிலேதான் கொள்ளை. பழைய இற்றைப்படுத்தும் கருவி, தான் பதிவிறக்கிய நிறுவியின் கையொப்பத்தைப் போதியவாறு சோதிக்காமையே இதற்கு இடங்கொடுத்தது. டிசெம்பரில் வெளிவந்த 8.8.9 ஆம் பதிப்பிலே, பதிவிறக்கிய நிறுவியின் கையொப்பத்தையும் சான்றிதழையும் சோதித்த பின்னரே நிறுவும் ஏற்பாடு செய்யப்பட்டது. 2026 பெப்ரவரி 2 ஆம் நாள் முழு விபரமும் வெளியிடப்பட்டது. சீன அரசின் ஆதரவு பெற்ற குழுவொன்றின் வேலையாக இருக்கலாமென ஆய்வாளர் பலர் கருதினர்.

ஆகவே நான் என் பழைய போற்றுதலை மீளப்பெற்றுக்கொள்கிறேன். சார எண்ணை அதே தளத்திலே வெளியிடுவது போதாது. தளத்தைக் கைப்பற்றியவன் எண்ணையும் மாற்றுவான். கோப்பு மாறவில்லை என்பதற்கான சோதனை, அதுவும் மனிதனின் ஞாபகத்தை நம்பாது இயந்திரமே செய்யும் சோதனை, இன்றியமையாதது. ஆனால் இக்கதை இன்னொன்றையும் சொல்லுகின்றது. அச்சோதனைக்குத் தேவைப்பட்டது ஆக்கியோனின் சாவி அதே சாவியா என்னும் வினாவுக்கு விடை மட்டுமே. அவன் கம்பனியா, தனியாளா, எந்த நாட்டவன், எவ்வளவு பணம் செலுத்தினான் என்னும் வினாக்களுக்கு அங்கே வேலையில்லை.

இதனை வெறும் கற்பனை என்பார் டெபியனைப் பார்க்கட்டும். 2007 இல் வெளிவந்த டெபியன் 4.0 தொட்டு, அம்முறைமையிலே பொதிகளை நிறுவும் கருவி ஒவ்வொரு களஞ்சியத்தின் கையொப்பத்தையும் தானே சோதித்து வருகின்றது. எந்தச் சான்றிதழ் வணிகரிடமும் அதற்காக ஒரு சதமேனும் கொடுக்கப்படவில்லை. அதன் ஆக்குநர்கள் நேரிலே சந்தித்து, அடையாள அட்டையைக் காட்டி, ஒருவர் சாவியை மற்றவர் ஒப்பமிட்டு வளர்த்த நம்பிக்கை வலை அது. இணையத்தளங்களுக்கான சான்றிதழ்கள் காசுக்கு விற்கப்பட்ட காலத்திலும், இலவசமாகக் கொடுத்தால் உலகம் கெட்டுவிடும் என்றே சொன்னார்கள். 2015 இறுதியில் லெற்ஸ் என்கிரிப்ட் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது, உலகம் கெடவில்லை. மென்பொருட் கையொப்பத்துக்கு அத்தகைய பொதுக்கதவு ஏன் திறக்கப்படவில்லை என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

திறக்கப்படவில்லை என்பது மட்டுமன்று, உள்ள கதவும் ஒடுங்கி வருகின்றது. 2023 ஜூன் 1 முதல் இத்தகைய சான்றிதழ்களின் அந்தரங்கச் சாவிகள் தரச்சான்று பெற்ற வன்பொருட் கருவியிலேயே இருத்தல் வேண்டும் என விதி வந்தது. சாவித் திருட்டைத் தடுக்கும் நோக்கம் நியாயமானதே. ஸ்டக்ஸ்நெட்டை எடுத்துக்காட்டிய நானே அதனை மறுக்க முடியாது. ஆனால் அக்கருவியின் விலையும் அஞ்சற் செலவும் யார் தலையில்? 2026 மார்ச் 1 முதல் சான்றிதழின் ஆயுட்காலம் ஆகக்கூடியது 460 நாட்கள். முன்னர் மூன்றாண்டுக்கு ஒருமுறை செய்த சடங்கை இனி ஏறத்தாழ ஆண்டுதோறும் செய்தல் வேண்டும். அப்பிள் நிறுவனத்தின் வீட்டிலோ ஒரே வாயில்தான். 2019 இன் கற்றலினா பதிப்பு முதல், அந்நிறுவனத்துக்கு அனுப்பிச் சான்றுபெறாத செய்நிரலை அதன் கணினி இலகுவில் திறவாது. அதற்கான ஆக்குநர் கட்டணம் ஆண்டுக்கு 99 டொலர். டொலரொன்று முந்நூறு ரூபா என்று கொண்டாலும் 29,700 ரூபா. 2025 இல் உயர்த்தப்பட்டபோதும் மகாபொல உதவிப்பணம் மாதம் 7,500 ரூபாவாகவே இருந்தது. அக்கணக்கின்படி, இலவசமாகக் கொடுக்க விரும்பும் ஒன்றுக்காக ஒரு மாணவன் ஏறத்தாழ நான்கு மாத உதவிப்பணத்தை வருடந்தோறும் செலுத்தவேண்டியிருந்தது. மேனாட்டுக் கம்பனிக்கு அது கைச்செலவு; இங்கே அது ஒருவனின் சாப்பாடு. ஒரே கட்டணத்தை இருவரிடமும் வாங்குவதைச் சமத்துவம் என்று அழைப்பது பழைய சூழ்ச்சி.

கைப்பேசியிலும் இக்கதையே. 2025 ஆகஸ்டில் கூகுள் நிறுவனம், அண்ட்ரொயிட் கருவிகளிலே தன்னிடம் அடையாளத்தைப் பதிவுசெய்த ஆக்குநரின் செயலிகளை மட்டுமே நிறுவ இடமளிக்கும் திட்டத்தை அறிவித்தது. 2026 செப்டெம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கி, பின் ஏனைய நாடுகளுக்கும் விரியும் என்றது. எதிர்ப்புக் கிளம்பவே, விடயமறிந்தோர் ஆபத்தை ஏற்று நிறுவுதற்கு வேறொரு வழி வைப்பதாக நவம்பரிற் சற்று இறங்கிவந்தது. கூடையின் கடைக்கு வெளியே கிடைக்கும் செயலிகள் மூலம் மோசடி மிகுந்த நாடுகளே முதலிலே தெரிவுசெய்யப்பட்டன என்பது அவர் தரும் விளக்கம். மோசடி உண்டு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அடையாள அட்டையைக் காட்டிவிட்டு மோசடி செய்தவனை நாம் கண்டதே இல்லையா என்பதுதான் என் ஐயம்.

இனிக் கைவிடலுக்கு வருவோம். விண்டோஸ் 7 இன் ஆதரவு 2020 ஜனவரி 14 இலும், விண்டோஸ் 10 இன் ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இலும் முடிவுற்றன. முறைமை முடிந்ததும் அதன்மேல் ஏறியிருந்தவையும் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. 2020 ஒக்டோபரில் வந்த பைதன் 3.9 விண்டோஸ் 7 இலே நிறுவப்படமாட்டாது. குரோம் உலாவி 109 ஆம் பதிப்போடு 2023 தொடக்கத்தில் விடைபெற்றது. லிப்ரே ஒஃபிசும் 2025 ஆகஸ்டில் வந்த 25.8 ஆம் பதிப்பிலே விண்டோஸ் 7, 8 இரண்டையும் கைகழுவிற்று. ஏன், நான் மேலே புகழ்ந்த டெபியனும் அதே மாதத்திலே, 13 ஆம் பதிப்பில், பழைய 32 பிற்றுக் கணினிகளுக்கான நிறுவியை நிறுத்திக்கொண்டது.

தொண்டர்கள் நடத்தும் திட்டங்களை இதற்காகக் குற்றஞ்சாட்டுதல் நேர்மையன்று. பழைய முறைமையிலே சோதித்துப் பார்க்க இயந்திரமும் நேரமும் வேண்டும். அவர்கள் சார்ந்திருக்கும் கியூட்டி போன்ற நூலகங்களே அதனைக் கைவிட்டபின் அவர்களால் ஆவது சொற்பம். ஆயினும் மனம் வைத்தால் நீட்டலாம் என்பதற்கு ஃபயர்பொக்ஸ் சான்று. 2023 ஜூலையில் வந்த அதன் 115 ஆம் பதிப்பின் நீடித்த கிளை விண்டோஸ் 7 பயனாளருக்காகப் பேணப்பட்டு, முடிவுத் திகதி பல தடவை ஒத்திவைக்கப்பட்டது.

ஆனால் விண்டோஸ் 10 இன் முடிவு தொண்டர் களைப்பினாலே வந்ததன்று. 2021 இல் வெளியான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், இன்டெல்லாயின் பொதுவாக எட்டாந் தலைமுறைச் செயலியையும் வேண்டிற்று. அதனால் நல்ல நிலையிலே ஓடிக்கொண்டிருந்த எண்ணற்ற கணினிகள் ஒரே ஆணையால் முதுமை எய்தின. பாதுகாப்புத் திருத்தங்களை மேலும் ஓராண்டு பெற 30 டொலர், அன்றேல் அந்நிறுவனத்தின் கணக்கிலே புகுந்து அமைப்புகளை அதன் மேகத்திலே காப்புச்செய்தல் முதலிய நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகள் குரலெழுப்பியதும், ஐரோப்பியப் பொருளாதார வலயத்தினருக்கு மட்டும் கட்டணமோ காப்புச்செய்தல் நிபந்தனையோ இன்றி அது வழங்கப்பட்டது. அதே திருத்தம், அதே கோப்பு. தொழினுட்பத் தேவை என்று நமக்குச் சொல்லப்பட்டது, கேட்க ஆளுள்ள இடத்திலே பேரம்பேசக்கூடிய நிபந்தனையாக மாறிற்று. 'ஆதரவு முடிந்தது' என்பதை இயற்கை நியதிபோல் உச்சரிக்கும் நம்மவர் இவ்வொரு செய்தியையாவது ஆறுதலாகச் சிந்தித்தல் வேண்டும்.

கையொப்பமும் கைவிடலும் ஒன்றையொன்று இறுக்கும் முடிச்சு என்பதே பலர் காணத் தவறுவது. 2017 இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வு நிலையமும் ஷா-1 கணிப்பு முறிந்ததைச் செய்முறையிலே காட்டின. உலகம் ஷா-2 குடும்பத்துக்கு மாறிற்று, மாறியது சரியே. ஆனால் பழைய இறுவட்டிலிருந்து நிறுவப்பட்ட விண்டோஸ் 7, 2019 இல் வெளிவந்த தனித் திருத்தத்தைப் பெற்றாலன்றிப் புதிய முறையில் ஒப்பமிட்ட இற்றைப்படுத்தல்களை ஏற்காது. இணைய வசதி குறைந்த ஓரிடத்திலே, பழுதுபார்ப்பவர் பழைய வட்டினால் மீள நிறுவிய கணினியை எண்ணிப் பாருங்கள். ஒழுங்காக ஒப்பமிடப்பட்ட புதிய நிறுவி அங்கே ஐயத்துக்குரியதாகின்றது. அல்லது அம்முறைமையிலே ஓடவே மறுக்கின்றது. ஓடக்கூடிய பழைய பதிப்பைத் தேடிச் செல்பவன் ஆக்கியோனின் தளத்திலே அதனைக் காணாமல், யாரோ ஏற்றிவைத்த ஏதோவொரு களஞ்சியத்திலிருந்து எடுக்கின்றான். பாதுகாப்பின் பெயரால் அவனை அந்தச் சந்துக்குத் துரத்திவிட்டு, பின் சந்திலே நிற்கின்றாயே என்று அவனையே கண்டிக்கின்றோம். நோட்பாட் பிளஸ் பிளஸ் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை நிறுத்தியபோது, 7.9.2 தான் கடைசிப் பதிப்பு என்று வெளிப்படையாகச் சொல்லி, அப்பதிப்பைத் தன் தளத்திலேயே வைத்திருந்தது. இவ்வளவு சிறு நாகரிகத்தையே நான் ஏனையோரிடமும் கேட்கின்றேன்: எதனோடு நிறுத்துகிறீர்கள் என்று சொல்லுங்கள், நிறுத்திய பதிப்பை ஒப்பத்தோடு விட்டுச் செல்லுங்கள்.

பல்கலைக்கழகத்தாரிடம் கேட்பது வேறு. டொன் ஹோவுக்கு இல்லாதது நமக்குண்டு. பல்கலைக்கழகம் சட்டத்தினால் ஆக்கப்பட்ட கூட்டுத்தாபனம். சான்றிதழ் வணிகர் கேட்கும் பதிவுப் பத்திரம் அதனிடம் இருக்கின்றது. தமிழ் எழுத்துருமாற்றி, சொற்பிழை திருத்தி, அகராதி என மாணவர் ஆக்கிப் பரீட்சை முடிந்ததும் மறக்கப்படும் செய்நிரல்கள் எத்தனையோ. அவற்றைப் பரிசீலித்து, தகுதியானவற்றுக்குத் தன் பெயரிலே ஒப்பமிட ஒரு சாவியைப் பல்கலைக்கழகம் வைத்திருந்தால், ஆண்டுக்குச் சில நூறு டொலரிலே அத்தனைக்கும் கதவு திறக்கும். பரிசீலனை என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதுகிறேன். நிரலை வாசித்துப் பார்க்காது ஒப்பமிடுதல் நான் மேலே கண்டித்ததையே நாமும் செய்வதாகும். ஒரு துறைக் கூட்டத்திலே இதனைச் சொன்னபோது, பொறுப்பு யாருக்கு என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பட்டச் சான்றிதழில் ஒப்பமிடும்போது அக்கேள்வி எழுவதில்லை என்று மட்டும் பதில் சொன்னேன்.

எங்கள் மாற்றி இன்னும் கையொப்பமின்றியே கிடக்கின்றது. சென்ற விடுமுறையில் அதனை ஆசிரியைக்கு மீண்டும் அனுப்பினேன். அதன் ஷா-256 எண்ணின் அறுபத்து நான்கு எழுத்துகளையும் ஒரு தாளிலே தட்டச்சிட்டு, விண்டோஸுடனேயே வரும் சேர்ட்யூடில் என்னும் கட்டளையை எவ்வாறு இடுவது என்ற குறிப்பையும் சேர்த்துத் தபாலில் தனியே அனுப்பிவைத்தேன். நான்கு நாட்களின் பின்னர் அழைப்பு வந்தது. பேத்தி திரையைப் பார்த்து வாசிக்க, தாம் தாளைப் பார்த்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டதாகவும், முப்பத்தேழாம் இடத்திலே பொருந்தவில்லை என்பதால் இம்முறையும் நிறுவவில்லை என்றும் சொன்னார். மூலத்தை எடுத்துப் பார்த்தேன். கோப்பிலே பிழையில்லை, தாளிலே நான் விட்ட தட்டச்சுப் பிழை.